பாதி மருந்து

அச்சகத்தில் எல்லோரும் அவனை ஒற்று என்றுதான் கூப்பிடுவார்கள். பிழை திருத்துவது அவன் வேலை. எங்காவது ஒரு 'க்' விட்டுப்போனால் போதும், கூட்டத்தில் கைக்குழந்தையைத் தவறவிட்டவன் மாதிரி பதறிப்போவான். எழுத்தாளர்கள் அவனைக் கண்டால் பத்தடி தள்ளியே போவார்கள். ஆனாலும் அவனிடம் ஒரு நியாயம் உண்டு. எழுத்தைத் திருத்துவான், பொருளில் கை வைக்க மாட்டான். "என்ன சொல்ல வந்தோம்னு எழுதினவருக்குத் தெரியும். நடுவுல நாம யாரு?" என்பான். இருபது வருடமாக இந்தக் கொள்கையால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விடுமுறை நாளில் துப்பாக்கியும் கையுமாகக் கிளப்புக்குப் போய்விடுவாள். தரைக்குள் பதித்த பள்ளத்திலிருந்து ஓர் எந்திரம் உள்ளங்கை அகலக் களிமண் தட்டை வானத்தில் வீசும். எந்தப் பக்கம் வீசும் என்று அதற்கே தெரியாது. தட்டு தரையில் விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். துப்பாக்கி முன்னால் தட்டை உடைக்கிற அதே நொடியில் பின்னால் தோளை உதைக்கும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது உதை. மாமியார் வீட்டில்கூட யாரும் அவ்வளவு வாங்கியிருக்க மாட்டார்கள்.

ஆறு வருடம் உதை வாங்கியவளுக்கு இந்த வருடம் ஒரு புது வியாதி வந்தது. விசையை இழுக்கும் நொடியில் கண் மூடிக்கொண்டது. உதை வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே சுருங்கும், தட்டு தன் பாட்டுக்குப் போய்ச் சேரும். பெண்கள் அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. சனிக்கிழமை தேர்வு. இதை விட்டால் இனி அந்த இடம் தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் வயதில் மற்றவர்கள் நடுவர்களாகிவிட்டார்கள்.

ஒற்று களத்தில் இறங்கினான். உதையை ஓர் அச்சுப்பிழையாகப் பாவித்து வரிவரியாகத் துரத்தினான். தோளில் பதியும் துப்பாக்கிக் கட்டையின் அடியில் மெத்தென்ற ரப்பர் ஒட்டினான். கட்டைக்குள் துளையில் ஈயத்துண்டு வைத்து எடையைக் கூட்டினான், கனமான துப்பாக்கி குறைவாக உதைக்கும் என்று எங்கோ படித்திருந்தான். கட்டை நீளம் என்று தச்சரிடம் கொடுத்து அரை விரல் குறைத்தான். பிறகு குறைத்தது தப்பு என்று கால் விரல் கூட்டினான். அவள் சட்டைத் தோளுக்குள் பஞ்சு தைத்தான். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு எதிரே நின்று அவள் முகத்தையே பார்ப்பான். அவளும் ஒரு ரவுண்டு சுட்டுவிட்டு வந்து, "நல்லாயிருக்குங்க" என்பாள். இவனுக்குத் தலைகால் புரியாது.

கடைசியில் தோட்டாவே அவன் கைக்கு வந்தது. கடைத் தோட்டா முரட்டுத்தனமாக உதைக்கிறது, வீட்டில் நாமே நிரப்பினால் மிதமாக இருக்கும் என்று மூன்று மாதத்துக்கு முன் ஆரம்பித்தான். பின்கட்டு அறையில் மேசை, நிரப்பும் கைக்கருவி, தங்கக் கடைத் தராசு மாதிரி ஒரு குட்டித் தராசு. காலி உறையில் முதலில் மருந்து, மேலே பிளாஸ்டிக் அடைப்பு, அதற்குள் ஈய ரவை, பிறகு வாயை மடித்து அழுத்த வேண்டும். அந்த அறையில் வெடிமருந்தை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மருந்து என்றால் அதுதான். சுவரில் மருந்து அளவு அட்டவணை தொங்கியது. அதிலேயே இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தி வைத்திருந்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் மருந்தை எடை போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா போன் செய்தார். எலும்பு டாக்டர். அதே கிளப்பில் இருபது வருடமாகத் தட்டு சுடுபவர். நோயாளியிடம் பேசுவதைவிடத் தோட்டாக்காரரிடம் அதிக நேரம் பேசுவார் என்று அவருக்குப் பெயர்.

"ஒற்று சார், டீச்சர் தோளப் பாத்தேன். மருந்து ரொம்ப ஜாஸ்தி. பாதியாக் குறைச்சிடுங்க."

"பாதியாவா டாக்டர்?"

"ஆமா, பாதிதான். தேர்வு முடியட்டும், அப்புறம் பாப்போம். அவங்ககிட்ட சொன்னா கேக்க மாட்டாங்க, நீங்கதான் கையில எடுத்துக்கணும். சரி, ஆளுங்க காத்திருக்காங்க, வெக்கிறேன்."

ஒற்று தராசைப் பார்த்தான். அட்டவணையைப் பார்த்தான். அட்டவணையில் இருந்த மிகக் குறைந்த அளவே பாதியைவிட எவ்வளவோ அதிகம். அதன் கீழே, 'இதற்குக் கீழ் குறைக்க வேண்டாம்' என்று ஒரு வரியும் இருந்தது. அவனுக்கு உறுத்தியது, உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் சொன்னது யார்? எலும்பும் தெரிந்தவர், துப்பாக்கியும் தெரிந்தவர். அட்டவணை எல்லோருக்குமாகப் போட்டது, டாக்டரம்மா இந்தத் தோளுக்காகச் சொன்னது. சொன்னவருக்குத் தெரியும், நடுவில் நாம் யார்? மருந்து குறைந்தால் உதை குறையும் என்பதில் சந்தேகமும் இல்லையே. நிரப்பி வைத்திருந்த தோட்டாக்களை ஒதுக்கிவிட்டு, தேர்வுக்கென்று புதிதாக ஐம்பது நிரப்பினான். ஒவ்வொன்றிலும் சரிபாதி. ஒரு குன்றிமணிகூட ஏறவில்லை, இறங்கவில்லை. அந்த நேர்த்திக்கு ஒரு பரிசு கொடுக்கலாம்.

சனிக்கிழமை காலை காரில் போகும்போது அவனால் வாயை அடக்க முடியவில்லை.

"இன்னிக்குப் பாரு, உதையே தெரியாது. டாக்டரம்மா சொன்னபடி செஞ்சிட்டேன்."

அவள் சட்டென்று திரும்பினாள். "டாக்டரம்மாவா? உங்ககிட்ட பேசினாங்களா?"

"பேசினாங்களே. எல்லாம் சொன்னாங்க."

"எல்லாமா?"

"மருந்து ஜாஸ்தி, பாதியாக் குறைச்சிடுங்கன்னாங்க. குறைச்சாச்சு."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கே பார்த்தபடியே, "கோவமா?" என்று கேட்டாள். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"எதுக்குக் கோவம்? இத முன்னாடியே செஞ்சிருக்கணும்."

"சரிங்க" என்றாள். அவன் தொடைமேல் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு எடுத்துக்கொண்டாள். தேர்வு நாள், பயப்படுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். இப்படியாக இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வெவ்வேறு விஷயத்தைப் பேசி முடித்து, பேசிவிட்ட நிம்மதியோடு போய் இறங்கினார்கள்.

கிளப்பில் காலை வெயில் சுள்ளென்று இருந்தது. தோட்டாவை அவரவரே கொண்டுவரலாம். ரவை எடையை மட்டும் ஒன்றிரண்டு பிரித்துச் சோதிப்பார்கள். மருந்தை யாரும் பார்ப்பதில்லை. வரிசையில் ஐந்து பேர், அவள் மூன்றாவது. ஒருவர் சுட்டு முடித்தால் அடுத்தவர். ஒரு சுற்று வந்து மறுபடி அவள் முறை வர முக்கால் நிமிடம் ஆகும். ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டைக் குழல் துப்பாக்கி. கீழ்க்குழல் தவறினால் மேல்குழலால் இன்னொரு முறை சுடலாம்.

இடுப்புயரக் கம்பித் தடுப்புக்குப் பின்னால் ஒற்று நின்றான். முதல் தட்டு. அவள் துப்பாக்கி மற்றவர்களுடையதைப் போல வெடிக்காமல் கதவைச் சாத்தியதுபோல் 'டொப்' என்றது. தோள் அசையவே இல்லை. தட்டின் ஓரம் மட்டும் பெயர்ந்தது, ஆனாலும் அது புள்ளிதான். ஒற்றுக்கு மேலே பறக்காத குறை. இரண்டாவது தட்டை மேல்குழலால் உடைத்தாள். மூன்றாவது தப்பியது. அவள் துப்பாக்கியை ஒரு முறை உற்றுப் பார்த்தாள், பிறகு திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

நான்காவது தட்டில் கீழ்க்குழல் 'புஸ்' என்றது. சைக்கிள் டியூபில் காற்று போனதுபோல் ஒரு சத்தம். அடுத்த கணமே மேல்குழல் வெடித்தது, தட்டு தூளாகியது. காதை அடைத்திருந்த அவளுக்கு இரண்டு சத்தமும் ஒன்றாகவே கேட்டிருக்கும். நடுவர் கண் தட்டின்மேல் இருந்தது. அவர் புள்ளியைக் குறித்துக்கொண்டார். அவள் காலி உறைகளை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள்.

அப்போதுதான் டாக்டரம்மா அரக்கப்பரக்க வந்து சேர்ந்தார். கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"எப்படிச் சுடறாங்க? மருந்தக் குறைச்சீங்களா இல்லையா?"

"நீங்க சொல்லி நான் குறைக்காம இருப்பேனா டாக்டர்? அன்னிக்கே குறைச்சிட்டேன். அம்பது தோட்டாவுலயும் சரிபாதி."

டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். "தோட்டாவுலயா?"

"ஆமா."

"யோவ், நான் மாத்திரையச் சொன்னேன்யா! டீச்சர் முழுங்கற வலி மாத்திரை! தோட்டாவுல எவனாவது பாதி மருந்து போடுவானா?"

மாத்திரை என்ற சொல் அவன் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. அவன் வாயிலிருந்து தானாகவே வேறொன்று வந்தது. "இப்ப ஒண்ணு புஸ்ஸுனு போச்சு."

"எது?"

"கீழ்க்குழல்."

டாக்டரம்மாவின் முகம் வெளுத்துப்போனதை அவன் கண்ணால் பார்த்தான். "அடைப்பு வெளிய வந்துச்சா? பாத்தாங்களா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "வராம உள்ளயே நின்னிருந்தா அடுத்தது குழலோட வெடிக்கும். மூஞ்சிகிட்ட. நிறுத்துங்க!"

ஐந்தாவது ஆள் சுட்டாயிற்று. முதல் ஆள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா கத்தினார். நடுவருக்கும் காதடைப்பு, சுடுபவர்களுக்கும் காதடைப்பு. முதல் துப்பாக்கியின் வெடியில் அவர் குரல் காணாமல் போயிற்று. ஒற்றுக்குப் புத்தியின் ஏதோ ஒரு மூலையில், கிளப் விதிப்புத்தகத்தை அவனே பிழை திருத்திக் கொடுத்த ஞாபகம் இருந்தது. துப்பாக்கிகளுக்கு முன்னால் ஆள் தெரிந்தால் எல்லோரும் உடனே துப்பாக்கியை மடக்கித் திறந்துவிட வேண்டும். பதினொன்றாம் விதி. அதில் ஒரு 'த்' விட்டுப்போயிருந்தது.

கம்பியைத் தாண்டும்போது ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினான். வரிசையின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு, யாரும் கால் வைக்கக் கூடாத அந்த முன்புல்லில் இறங்கினான். பக்கத்திலேயே இரண்டாவது ஆளின் துப்பாக்கி வெடித்தது. காது ஙொய்யென்றது. அவன் நிற்கவில்லை. அவள் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துவிட்டாள். கன்னம் கட்டையில் பதிந்துவிட்டது. தட்டை வீசச் சொல்லிக் கூவ வாயைத் திறந்தாள்.

அவன் நேராகக் குழலுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

இரண்டு குழல் வாயும் அவனைப் பார்த்தன. அவற்றுக்குமேல் அவளது ஒரு கண். அந்தக் கண் முதலில் ஒன்றும் புரியாமல் பார்த்தது, பிறகு அவன்தான் என்று தெரிந்துகொண்டது. அவள் விரல் விசையில் இருந்ததை அவன் பார்த்தான். அந்த விரல் விலகுவதற்குள் அவன் செத்துப் பிழைத்தான்.

நடுவரின் விசில் அலறியது. ஐந்து துப்பாக்கிகளும் திறந்தன.

"பைத்தியமா உங்களுக்கு?" அவள் கத்தினாள். காதடைப்பைப் பிடுங்கி எறிந்தாள். "துப்பாக்கி முன்னாடி வந்து நிக்கறீங்க! நான் சுட்டிருந்தா? என்ன ஆகியிருக்கும்? சொல்லுங்க, என்ன ஆகியிருக்கும்?"

அவன் குழலைக் காட்டினான். மறுபடியும் குழலைக் காட்டினான்.

டாக்டரம்மா வந்து துப்பாக்கியை வாங்கினார். இரண்டு தோட்டாவையும் உருவிக் கையில் வைத்துக்கொண்டு, திறந்த குழலை வானத்தைப் பார்த்துத் தூக்கினார். அவளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். மேல்குழலில் அந்தக் கோடியில் காசு மாதிரி வட்டமாக வானம் தெரிந்தது. கீழ்க்குழலில் ஒன்றும் தெரியவில்லை. கும்மிருட்டு.

நடுவரும் வந்து பார்த்தார். முப்பது வருட அனுபவசாலி. பார்த்துவிட்டுத் துடைக்கும் கம்பியைக் கொண்டுவரச் சொன்னார். கம்பியை வாய்ப்பக்கமாக விட்டுத் தள்ள, கரி பிடித்த பிளாஸ்டிக் அடைப்பு வெளியே விழுந்தது, கூடவே கொஞ்சம் ரவையும். அது நின்றிருந்த இடத்தைக் குழலின்மேல் விரலால் தொட்டுக் காட்டினார் நடுவர். அவள் இடதுகை பிடிக்கும் இடம். அங்கிருந்து அவள் கண்ணுக்கு எவ்வளவு தூரம் என்று யாரும் அளந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"யார் நிரப்பின தோட்டா?" என்றார் நடுவர்.

"நான்" என்றான் ஒற்று.

அவள் அவனையும் தோட்டாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நீங்க கார்ல சொன்னது... இந்த மருந்தா?" என்றாள்.

"நீ எந்த மருந்துன்னு நெனச்சே?"

அவள் டாக்டரம்மாவைப் பார்த்தாள். அப்போதுதான் மாத்திரை என்ற சொல் அவனுக்குள் போய்ச் சேர்ந்தது. ஒற்றெழுத்துக்கு அரை மாத்திரை என்று சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவன், தன் வீட்டில் வேளைக்கு இரண்டு மாத்திரை ஓடிக்கொண்டிருந்ததை அறியவில்லை.

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா."

"நல்லாயிருக்குன்னு சொன்னியே. ரப்பர் வெச்சப்போ. ஈயம் வெச்சப்போ. ஒவ்வொரு வாட்டியும் சொன்னியே."

"மாத்திரை போட்டுக்கிட்டு சுடுவேன், நல்லாத்தான் இருக்கும்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீங்க செஞ்சிட்டு வந்து நிப்பீங்க. மூஞ்சியில அவ்வளவு சந்தோஷம். எப்படிங்க இல்லைன்னு சொல்றது? கட்டையைக் குறைச்சதுல இருந்து இன்னும் மோசம். அது தோள்ல உக்காராம எலும்புல உக்காருது."

இன்று வலி மாத்திரை போட்டாளா என்று டாக்டரம்மா கேட்டார். போடவில்லை என்றாள் அவள். இவருக்குத் தெரிந்துபோன பிறகு எப்படிப் போடுவது என்று பையிலேயே வைத்துவிட்டாளாம். மேல்சட்டையைக் கழற்றுங்கள் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. அவளால் வலது கையைக் கழுத்துக்குமேல் தூக்க முடியவில்லை. டாக்டரம்மாதான் பிடித்து உருவ வேண்டியிருந்தது. உள்ளே போட்டிருந்த பனியனின் கழுத்து ஒரு பக்கம் சரிந்தது.

கழுத்தெலும்பிலிருந்து அக்குள் வரை கறுத்திருந்தது. சில இடத்தில் நீலம், சில இடத்தில் மஞ்சள், நடுவில் துப்பாக்கிக் கட்டையின் அடிப்பகுதி அளவுக்கு, அதே வடிவத்தில், தோல் தடித்துப் போயிருந்தது. ஒற்று அதைப் பார்த்தான். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுப்பவன். இந்த நாலு மாதமாக அவள் குளித்துவிட்டு முழுக்கைச் சட்டையோடுதான் வெளியே வருகிறாள் என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். மனிதர் நல்லவர்தான், ஆனால் விதி விதிதான். "குழல்ல பழுதில்ல. கிளப் தோட்டா தரச் சொல்றேன். இது வரைக்கும் எடுத்த புள்ளி அப்படியே நிக்கும். பத்து நிமிஷத்துல வரிசைக்கு வரணும் டீச்சர். இல்லன்னா விலகறதா எழுதி இடத்தை அடுத்தவங்களுக்குத் தரணும்."

கிளப் தோட்டா என்றால் கடைத் தோட்டாதான், அது எப்படி உதைக்கும் என்று அந்தத் தோளுக்குத் தெரியும். இன்னும் இருபத்தொரு தட்டு. இந்த ஒரு காலைக்காக ஆறு வருடம். அவள் துப்பாக்கியைப் பார்த்தாள், வரிசையில் தன் காலி இடத்தைப் பார்த்தாள். பையில் மாத்திரை இருந்தது. முழுங்கினால் கால் மணியில் எல்லாம் மரத்துப்போகும்.

ஒற்று போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இனி அவளுக்காக ஒரு சொல்லையும் தானே அர்த்தம் பண்ணிக்கொள்ள அவனுக்குத் தைரியம் இல்லை.

"விலகறேன் சார்" என்றாள் அவள்.

நடுவர் படிவத்தை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். "காரணம் எழுதணும். தோட்டா கோளாறுன்னு போட்டுடவா?"

"வேணாம். வலின்னு எழுதுங்க."

நடுவர் எழுதினார். கையெழுத்துப் போட நடுவர் நெஞ்சுயரத்தில் நீட்டிய படிவம் வரைக்கும் அவளால் இப்போது வலது கையைக் கொண்டுவர முடியவில்லை. ஒற்று எழுந்து வந்து படிவத்தைக் கீழே தாழ்த்திப் பிடித்துக்கொண்டான்.